புவெனஸ் அயர்ஸில் ஒரு வியாழக்கிழமை

புவெனஸ் அயர்ஸுக்குப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் தாங்கோ நடனத்தையும் மாட்டிறைச்சியையும் காற்பந்தையும் பற்றித்தான் சொன்னார்கள். என் கணவர் போக விரும்பியது அந்த நகரத்தின் பஸ்களையும் நிலக்கீழ் ரயிலையும் பார்க்க. ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு அது நியாயமான ஆசை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஒரு வியாழக்கிழமை பிற்பகல் 3.30 மணிக்கு, காணாமல்போனோரின் தாய்மார் கூடி நடக்கிற பிளாசா தே மாயோ சதுக்கத்தில் நிற்கவேண்டும். மற்ற நாள்களை அவரிடமே விட்டுவிட்டேன். வியாழக்கிழமையை மட்டும் நான் பிடித்து வைத்திருந்தேன்.

நாங்கள் தங்கியிருந்தது நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால், ஒரு பழைய மாடிவீட்டு அறையில். நவம்பர் மாதம், அங்கே வசந்தகாலம். கீழே மூலையில் இருந்த கோப்பிக்கடையில் காலைச் சாப்பாடு. பால் கோப்பியும் 'மெதியாலூனா' எனப்படும் பிறைவடிவப் பணிஸும். என்னைப் போல மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும்: மெதியாலூனாவில் இரண்டு வகை உண்டு. 'மந்தேகா' என்றால் வெண்ணெய் போட்டது, கொஞ்சம் பருத்து இனிப்பாக இருக்கும். 'கிராசா' என்றால் கொழுப்பில் செய்தது, மெலிந்து உப்பாக இருக்கும். கேட்டு வாங்குங்கள். அந்த ஊரில் கொழுப்பு என்றால் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு.

ரெக்கொலெத்தா மயானத்துக்கு பஸ்ஸில் போனோம். பஸ்ஸை அங்கே 'கொலெக்திவோ' என்கிறார்கள். அதன் கதையை இவர் வெளிக்கிடமுன்பே படித்துவைத்திருந்தார். 1928 செப்ரெம்பர் 24 ஆம் திகதி, ஓட்டம் குறைந்து தவித்த சில டாக்சிக்காரர்கள் சேர்ந்து, ஆளாளுக்கு ஒரு கார் என்றில்லாமல் ஒரே வழியில் பலரை ஏற்றிப் போவது என்று தொடங்கியதுதான் அது. பிறகு காரின் உடல் நீண்டு நீண்டு பஸ் ஆனது. இன்றும் அந்த நாளை பஸ் சாரதிகளின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனி நிறம். சிவப்பும் மஞ்சளும், நீலமும் வெள்ளையும், கறுப்பும் பச்சையும் என்று.

"இஞ்ச பாரும், எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளும் நிறத்தைப் பாத்துத் தன்ரை பஸ்ஸைப் பிடிக்கலாம்" என்றார்.

ஏறும்போது போகும் இடத்தைச் சாரதியிடம் சொல்லவேண்டும். அவர் தூரத்துக்கு ஏற்ற கட்டணத்தை அழுத்துவார். பிறகு நாங்கள் 'சூபே' அட்டையைக் காட்டவேண்டும். ஒவ்வொரு தரிப்பிலும் இத்தனை பேருடன் கதைத்துக்கொண்டு, கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு, அந்த நெரிசலில் எப்படி ஓட்டுகிறார் என்று இவர் முன்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாரதியின் இருக்கைக்கு மேலே இருந்த கண்ணாடியைச் சுற்றிச் சுருள் சுருளாகப் பூவும் இலையுமாய் ஓர் ஓவியம். அந்த ஓவிய முறைக்கு 'பிலெத்தேயாதோ' என்று பெயர். பழைய வண்டிகளிலும் பஸ்களிலும் வளர்ந்த கலை. 2015 இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது.

"இஞ்சருங்கோ, பஸ்ஸைப் பாத்தது காணும். இறங்கிற இடம் வருது" என்று நான்தான் இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

ரெக்கொலெத்தா 1822 இல் திறந்த மயானம். அதற்கு முன் அந்த நிலம் துறவிகளின் தோட்டமாக இருந்தது. உள்ளே போனால் மயானத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் வரவே வராது. ஒழுங்கைகள், சந்திகள், வாசற்கதவுகள், படிகள். ஜனாதிபதிகள், தளபதிகள், பெருநிலக்காரர்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கல்வீடு கட்டிப் படுத்திருக்கிறார்கள். யன்னல் கண்ணாடியால் எட்டிப் பார்த்தால் பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பது தெரியும். சில பெட்டிகளின் மேல் பின்னல் துணி. எனக்கு அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் தலைமுழுகி வருகிற சனம் நாங்கள்.

எல்லாரும் தேடிப்போகிற கல்லறை ஒன்று உண்டு. பெரிய சிலைகள் இல்லை. கறுத்த கல்லில் ஒடுங்கிய ஒரு முகப்பு, மேலே 'துவார்தே குடும்பம்' என்ற எழுத்து. ஜனாதிபதி பெரோனின் மனைவி எவித்தா, தான் பிறந்த குடும்பத்தின் இந்தக் கல்லறையில், கீழே ஆழத்தில் இருக்கிறார். ஒழுங்கை ஒடுக்கம். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் போக வழியில்லை. கதவின் கம்பிகளில் யாரோ புதுப் பூக்கள் செருகியிருந்தார்கள்.

எவித்தாவின் வாழ்க்கையை நிறையப் பேர் அறிவார்கள். அவருடைய உடலுக்கு நடந்ததை அந்த இடத்தில் நின்று நினைத்தால்தான் உறைக்கும். 1952 ஜூலை 26 இல், 33 வயதில், புற்றுநோயால் இறந்தார். உடலைக் கெடாமல் பதப்படுத்தித் தொழிற்சங்கத் தலைமையகத்தில் வைத்திருந்தார்கள். 1955 இல் இராணுவம் பெரோனைக் கவிழ்த்தது. இறந்த ஒரு பெண்ணின் உடலுக்குக்கூட அவர்கள் பயந்தார்கள். சனம் அதைச் சுற்றிக் கூடிவிடும் என்ற பயம். எடுத்து மறைத்தார்கள். இடம் இடமாக மாற்றினார்கள். 1957 இல் இத்தாலிக்குக் கொண்டுபோய் மிலானில் மரியா மாஜ்ஜி என்ற வேறொரு பெயரில் புதைத்தார்கள். 1971 இல்தான் தோண்டி எடுத்து, ஸ்பெயினில் இருந்த பெரோனிடம் கொடுத்தார்கள். 1974 இல் நாட்டுக்கு வந்தது. 1976 ஒக்ரோபரில் இந்த மயானத்தில் வைக்கப்பட்டது.

அந்த 1976 என்ற ஆண்டில் என் மனம் நின்றுவிட்டது. அந்த மார்ச் 24 ஆம் திகதிதான் இன்னொரு இராணுவ ஆட்சி நாட்டைப் பிடித்தது. ஒளித்து வைத்திருந்த ஓர் உடலுக்கு ஒருவழியாக ஓர் இடம் கிடைத்த அதே மாதங்களில், அதே நகரத்தில், இரவிரவாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் உடலே இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். இவரிடம் சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "மூண்டரைக்கு அங்கை நிக்கவேணும் எண்டால் இப்ப வெளிக்கிடவேணும்" என்றார். அப்போது பதினொரு மணிகூட ஆகவில்லை.

வெளியே வந்தால் எதிரே பெரிய மரம் ஒன்று. ஆலுக்கும் அத்திக்கும் உறவான இனம், 'கொமேரோ' என்கிறார்கள். கிளைகள் கிடையாகவே நீண்டு, முண்டுகொடுத்து நிற்கின்றன. ஒரு கிளைக்குக் கீழே இரும்பு மனிதன் ஒருவன் முதுகால் தாங்கி நிற்கிறான். பழைய கார்களின் உதிரிப்பாகங்களால் செய்த சிலை. எந்தப் பாகம் எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று இவர் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். நான் நிழலில் இருந்து தண்ணீர் குடித்தேன்.

பிறகு சாந்தா பே வீதியில் உள்ள எல் அத்தெனேயோ புத்தகக்கடை. 1919 இல் கட்டிய நாடக அரங்கு அது. பிறகு சினிமாக் கொட்டகை ஆனது. 2000 ஆம் ஆண்டில் இருக்கைகளை எடுத்துவிட்டுப் புத்தக அலுமாரிகளை வைத்தார்கள். மேலே கூரை ஓவியம், சுற்றிவர மூன்று அடுக்குப் பல்கனிகள், மேடையில் சிவப்புத் திரை எல்லாம் அப்படியே. மேடையில் இருந்து கோப்பி குடிக்கலாம். பக்கவாட்டில் அந்தக்காலப் பணக்காரர் இருந்து நாடகம் பார்த்த சிறு அறைகளில் இப்போது யாரும் புத்தகத்தோடு போய் இருந்து வாசிக்கலாம். எழுப்பிவிட ஒருவரும் வரமாட்டார்கள். பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெடியன் கால் நீட்டி இருந்து வாசித்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு, புத்தகங்களை இப்படிக் கொலுவில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது, எங்கள் நூலகத்தை எரித்த 1981 நினைவுக்கு வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. இவருக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மதியம் வீதியோரக் கடையில் 'எம்பனாதா' வாங்கினோம். எனக்குச் சோளமும் வெண்ணெய்ச் சாந்தும் வைத்தது, இவருக்கு இறைச்சி. சாப்பிட்டுக்கொண்டே 9 தே ஜூலியோ பெருவீதிக்கு நடந்து வந்தோம். அந்த வீதியின் அகலம் ஏறக்குறைய 140 மீற்றர். நடுவே ஒபெலிஸ்கோ தூண், 67.5 மீற்றர். நகரம் முதன்முதலாக நிறுவப்பட்டு 400 ஆண்டு ஆனதற்காக 1936 இல் எழுப்பியது. படம் எடுத்தோம். அதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவருக்கு அங்கே பிடித்தது, வீதியின் நடுவில் 2013 இல் பஸ்களுக்கென்று தனியாகப் பிரித்துவிட்ட தடங்கள். நின்று பார்த்தே பத்துப் பன்னிரண்டு பஸ்களை விட்டார்.

என்னைக் கவர்ந்தவை மரங்கள். நவம்பரில் அந்த நகரம் முழுக்க ஜக்கரந்தா பூக்கிறது. ஊதாவும் நீலமும் கலந்த நிறம். இலை வரமுன் பூ வந்துவிடுவதால் மரம் முழுக்கப் பூவாகவே நிற்கும். நாட்டின் வடமேற்கில் காட்டுமரமாக நின்றதை நகரத்துக்குக் கொண்டுவந்து வீதிகளில் நட்டவர் கார்லோஸ் தாய்ஸ். பிரான்ஸில் இருந்து வந்தவர். 1891 இலிருந்து இருபது வருடத்துக்கும் மேல் நகரப் பூங்காக்களுக்குப் பொறுப்பாக இருந்தார். ஒரு வேலையைச் செய்தால் இப்படிச் செய்யவேண்டும். நட்டவர் போய் நெடுங்காலமான பிறகும் வழியில் போகிற சனம் நின்று அண்ணாந்து பார்க்கிறது.

அதே வீதியில் தெற்கே பார்த்தால் ஓர் உயரமான அரச கட்டடத்தின் சுவரில் எவித்தாவின் முகம், இரும்புக் கோடுகளால். 2011 இல் வைத்தார்கள். பதினாறு வருடம் ஒளித்து வைத்த பெண்ணை இப்போது ஒளிக்க வழியில்லாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து அவெனிதா தே மாயோ வழியே சதுக்கத்துக்கு நடந்து போயிருக்கலாம், அதிக தூரமில்லை. ஆனாலும் ஏ பாதையில் ஒரு சுற்றாவது போகாமல் இவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தென்னமெரிக்காவின் முதல் நிலக்கீழ் ரயில்பாதை அதுதான், 1913 டிசெம்பர் 1 இல் ஓடத் தொடங்கியது. பெல்ஜியத்தில் செய்த மரப்பெட்டிகள் அதில் ஏறக்குறைய நூறு வருடம் ஓடின. மர இருக்கை, மஞ்சள் விளக்கு, கையால் திறக்கிற கதவு. 2013 ஜனவரியில் அவற்றை நிறுத்திப் புதுப் பெட்டிகள் விட்டுவிட்டார்கள். பெரு என்ற நிலையத்தை மட்டும் பழைய கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். இவர் அந்த மேடையில் தூண்களையும் பழைய விளம்பரப் பலகைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நூறு வருசம் ஓடின வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டின மெக்கானிக்மாரை நினைச்சுப் பாரும்" என்றார். அந்தக் கண்ணோட்டம் எனக்கு வந்திருக்காது. அதற்காகவே இவரோடு ஊர் பார்க்கப் போக எனக்குப் பிடிக்கும்.

மூன்று மணிக்குச் சதுக்கத்தில் ஏறினோம்.

பிளாசா தே மாயோ படங்களில் தெரிவதைவிடச் சிறியது. ஒரு பக்கம் ஜனாதிபதியின் காசா ரொசாதா மாளிகை, இளஞ்சிவப்பு நிறத்தில். எதிர்ப்பக்கம் பழைய நகரசபைக் கட்டடம். இன்னொரு பக்கம் பேராலயம். அதில்தான் நாட்டின் விடுதலை வீரர் சான் மார்த்தின் அடக்கம். பாப்பரசர் பிரான்சிஸ் உரோமுக்குப் போகமுன் பேராயராக இருந்ததும் இங்கேதான். நடுவில் 1811 இல் எழுப்பிய வெண்ணிறத் தூண், மாயோ பிரமிட். அதைச் சுற்றி நிலத்தில் வட்டமாக வெள்ளைத் தலைத்துணிகள் வரையப்பட்டிருக்கின்றன. முகம் இல்லை, துணி மட்டும். நாடியின் கீழ் முடிச்சு.

1977 ஏப்ரில் 30 ஆம் திகதி பதினான்கு பெண்கள் இங்கே வந்தார்கள். காணாமல்போன தங்கள் பிள்ளைகளைத் தேடிப் பொலிஸ், அமைச்சு, தேவாலயம் என்று அலைந்து, கதிரைகளில் காத்திருந்த இடங்களில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். தனித்தனியாகக் கேட்டால் பதில் வராது, ஜனாதிபதி மாளிகைக்கு முன்னாலேயே போய் நிற்போம் என்று சொன்னவர் அசுசேனா வில்யாஃப்ளோர். அன்று சனிக்கிழமை. சதுக்கத்தில் பார்க்க ஒரு சனமும் இல்லை. அதனால் வேலைநாளுக்கு மாற்றினார்கள். முதலில் வெள்ளி, பிறகு வியாழன். முற்றுகைச் சட்டம் இருந்த காலம். கூட்டமாக நிற்கக்கூடாது, நகருங்கள் என்று பொலிஸ் விரட்டியது. சரி, நகருகிறோம் என்று இருவர் இருவராகக் கைகோத்துக்கொண்டு தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடைதான் இன்றைக்கும் நடக்கிறது. தலைத்துணி பிறகு வந்தது. அதே வருடம் லுகானுக்குப் போன பெரிய பாதயாத்திரைக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காணவேண்டுமே என்று, தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிய துணி அணையாடைகளைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த டிசெம்பரில் அசுசேனாவையே பிடித்துக்கொண்டு போனார்கள். காணாமல்போனோரின் பெயர்களோடு பத்திரிகையில் அறிவித்தல் வந்த நாளில், வீட்டுக்குப் பக்கத்தில் வைத்து. இரண்டு நாளுக்கு முன் எஸ்தர் பயெஸ்த்ரீனோ, மரியா போன்சே என்ற மற்ற இரண்டு தாய்மாரையும் ஒரு தேவாலய வாசலில் பிடித்திருந்தார்கள். அன்பானவன் போல வந்து கூட்டங்களில் இருந்த கடற்படை அதிகாரி ஒருவன் காட்டிக்கொடுத்தான். மூவரையும் விமானத்தில் ஏற்றி உயிரோடு கடலில் தள்ளினார்கள். கடல் அவர்களைக் கரையில் கொண்டுவந்து போட்டது. யார் என்று தெரியாமல் ஒரு கரையோர ஊரின் மயானத்தில் பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005 இல் ஆர்ஜென்ரீனாவின் தடயவியல் மானிடவியல் குழு அந்த எலும்புகளை அடையாளம் கண்டது. அசுசேனாவின் சாம்பலை அந்த டிசெம்பரில் மாயோ பிரமிட்டின் அடியில் புதைத்தார்கள். எஸ்தரையும் மரியாவையும் அவர்கள் பிடிபட்ட அந்தத் தேவாலயத்தின் வளவிலேயே அடக்கம் செய்ய அனுமதி கொடுத்தவர் அப்போதைய பேராயர், பின்னாளில் பாப்பரசர் பிரான்சிஸ். இளவயதில் அவர் ஒரு வேதியியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் இந்த எஸ்தர்தான்.

3.30 ஆனது. எங்கிருந்தோ நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். தாய்மாரில் இப்போது மிஞ்சியிருப்போர் மிகச் சிலர். தொண்ணூறைக் கடந்த முதுமை. ஒருவரைச் சக்கரக் கதிரையில் வைத்து ஒரு பெண்பிள்ளை தள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளைத்துணியில் நீலநூலால் தைத்த எழுத்துகள். தாய்மார் 1986 இல் கருத்து வேறுபட்டு இரண்டு அமைப்பானார்கள். இரண்டும் தனித்தனிப் பதாகையோடு, அதே நேரத்தில், அதே தூணைச் சுற்றி நடக்கின்றன. அதையும் நான் மரியாதையோடுதான் பார்த்தேன். பிரிந்தபின்னும் இரு தரப்பும் வியாழக்கிழமையை விடவில்லை.

ஒலிவாங்கியில் ஒருவர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "பிரெசெந்தே" என்றது. இங்கே இருக்கிறார் என்று. பெயர், பிரெசெந்தே. பெயர், பிரெசெந்தே. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடையில் சேர்ந்துவிட்டார். நான் பின்னால் போனேன். இரண்டாம் சுற்றில் எனக்கும் அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

என் பெரியம்மாவின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் கடைசியாகக் கண்ணில் பட்டவர். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் பெரியம்மாவும் போய் இருந்தவர். மகனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை. செய்யச் சொன்னவர்களோடு கதையை நிறுத்திவிட்டார். மருமகள் பொட்டை அழிக்கவும் இல்லை, ஒரு விசேசத்துக்குப் போகவும் இல்லை. உடல் ஒன்று கையில் கிடைக்காவிட்டால் ஒரு குடும்பம் எந்தச் சடங்கையும் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. இதை ரொறன்ரோவில் என் வேலைத்தலத்துப் பெண்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தச் சதுக்கத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பெண், எழுபது வயது இருக்கும், எங்கிருந்து வருகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். காணாமல்போனது அவருடைய அண்ணன். பிறந்த இடம் எது, இங்கே ஏன் வந்தோம் என்று சொன்னேன். அனுதாபமாக ஏதும் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நடந்துகொண்டே கேட்டது வேறு: "உங்கள் தாய்மாரின் இரத்தம் எடுத்து வைத்திருக்கிறார்களா?"

என்னிடம் பதில் இல்லை. அவரே சொன்னார், நடை முடிந்த பிறகும் வாங்கில் இருந்து சொன்னார். பிடிபட்ட பெண்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். சிறையில் பிறந்த குழந்தைகளை இராணுவத்தினரின் குடும்பங்களும் மற்றவர்களும் எடுத்து வேறு பெயரில் வளர்த்தார்கள். அந்தக் குழந்தைகளைத் தேடப் பாட்டிமார் தனியாக ஓர் அமைப்புத் தொடங்கினார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளையைப் பாட்டியின் இரத்தத்தால் மட்டும் அடையாளம் காணமுடியுமா என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். மேரி கிளையர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் அதற்கு வழி செய்தார். தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் மரபணு ஒன்று உண்டு. அம்மம்மாவின் மாதிரி ஒன்று இருந்தாலே பேரப்பிள்ளையோடு பொருத்திப் பார்க்கலாம். 1987 இல் ஒரு சட்டத்தின் மூலம் அரசே தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவியது. இதுவரை 130 க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தாங்கள் யார் என்று அறிந்திருக்கிறார்கள். பல பாட்டிமார் அதற்குமுன் இறந்துவிட்டார்கள். ஆனால் அவர்களின் மாதிரி வங்கியில் இருக்கிறது, தேடல் நிற்கவில்லை.

"வயது போவதற்குமுன் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்" என்றுவிட்டு எழும்பிப் போனார்.

பின்னேரம் தெஃபென்சா வீதி வழியே சான் தெல்மோவுக்கு நடந்தோம். கற்கள் பதித்த வீதி, பழைய வீடுகள், 1897 இல் இரும்பால் கட்டிய சந்தை. வடிவான இடம்தான். எனக்கு அன்றைக்குக் கடை பார்க்க மனம் இல்லை. ஒரு நடைபாதையில் இவர் சட்டென்று நின்று என் கையைப் பிடித்து இழுத்தார். காலடியில் சீமெந்தில் பதித்த ஒரு சதுரக் கல், நிறநிறமான கண்ணாடித் துண்டுகள் பதித்து. 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி ஒரு பெயர், பிடிபட்ட திகதி. அந்தந்தத் தெருவின் சனமே கூடி இவற்றைச் செய்து, அவர்கள் வாழ்ந்த, படித்த, வேலைசெய்த, பிடிபட்ட இடங்களில் பதிக்கிறார்கள். அதன்பிறகு நான் கீழே பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். லா போக்காவின் வர்ண வீடுகளுக்கு அன்று போகவில்லை. இவரும் கேட்கவில்லை.

இரவு கொரியெந்தெஸ் வீதியில் கெர்ரின் பிற்சாக் கடை. 1932 இலிருந்து இருக்கிறது. உள்ளே மேசைகள் உண்டு, ஆனால் ஊர்ச்சனம் முன்னால் நின்றபடியே சாப்பிடுகிறது. நாங்களும் நின்றோம். தடித்த மாவு, அதன்மேல் வழிகிற வெண்ணெய்க்கட்டி. அதற்கும் மேலே 'ஃபைனா' என்று கடலைமாவில் சுட்ட ஒரு துண்டை வைத்து இரண்டையும் சேர்த்துக் கடிக்கவேண்டும். இத்தாலியின் ஜெனோவாப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பழக்கம். வெங்காயம் அடுக்கிய 'ஃபுகசேத்தா' இந்த நகரத்திலேயே பிறந்தது. மரக்கறிக்காரர் பயப்படாமல் போகக்கூடிய இடம். இவர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

அறைக்கு வந்தபோது கிளிநொச்சியில் விடிந்திருந்தது. பெரியம்மாவுக்கு எடுத்தேன். சதுக்கத்தைப் பற்றிச் சொன்னேன். தலைத்துணியைப் பற்றிச் சொன்னேன்.

"கொட்டில் போட்டிருக்கினமோ?" என்று கேட்டார்.

"இல்லைப் பெரியம்மா. கிழமைக்கு ஒருக்கா வந்து அரை மணித்தியாலம் நடந்துபோட்டுப் போவினம்."

"நடக்கிறது நல்லதுதான். இருந்து இருந்து எங்களுக்கு முழங்கால் பிடிச்சுப்போச்சு."

பிறகு இரத்த வங்கியைப் பற்றிச் சொன்னேன். இடையில் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழுதாகாதோ?"

"இல்லை. குளிரிலை வைச்சிருப்பினம். தேவையான விபரத்தையும் எடுத்துப் பதிஞ்சுபோடுவினம்."

"அப்ப நான் செத்தாலும் தேடலாம்."

"ஓம்."

"உதை ஒருக்கா வடிவா எழுதி அனுப்பு பிள்ளை. நான் வாசிச்சு மற்றவைக்கும் சொல்லவேணும். ஆரிட்டைக் கேக்கிறதெண்டும் எழுது."

இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். நான் சொல்லச் சொல்ல இவர் தன் கைபேசியில் தட்டினார். என்ன சட்டம், எந்த ஆண்டு, யார் யாருடைய மாதிரி வேண்டும், ஏன் அம்மம்மாவின் மாதிரி முக்கியம் என்று ஒவ்வொன்றாக. பெரியம்மாவின் இடது கண்ணில் போன வருடம்தான் சத்திரசிகிச்சை நடந்தது. அதனால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நாலு வரி வீதம் படமாக்கி அனுப்பினோம்.